ஒன்றரை கிலோ பேய்!

"ஸ்பூக்கின்னா என்ன துணி கண்ணு? லைக்ராவா, இன்டர்லாக்கா?"

அம்மா இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கலை. ஆனா பக்கத்துல அக்கா சிரிக்கலை. அதனால நானும் கப்சிப்!

விஷயம் இதுதான். அக்கா பசங்க படிக்கிற ஸ்கூல்லேர்ந்து வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ். '31.10.2025 வெள்ளிக்கிழமை ஹாலோவீன் டே. குழந்தைகள் ஸ்பூக்கி காஸ்ட்யூமில் வரவும்.' கீழே ஒரு பூசணிக்காய் பல்லைக் காட்டிச் சிரிக்குது. பெரியவ ஒண்ணாங் கிளாஸ், சின்னவன் யு.கே.ஜி. ஆக, ரெண்டு பேய் வேணும்.

வாடகைக்கு விடுற கடையில போய் விசாரிச்சேன். சூனியக்காரி டிரெஸ் 450 ரூபாய், எலும்புக்கூடு 450 ரூபாய். ஆளுக்கு 500 டெபாசிட் வேற. கிழிஞ்சா டெபாசிட் அம்பேல்! எங்க சின்னவன் போட்ட டிரெஸ் கிழியாம வீடு வந்ததா சரித்திரமே கிடையாது.

சாதாரணமா இது ஒரு பெரிய காசில்லைதான். திருப்பூர்ல ஒன்றரை ஷிப்ட் ஓடுற வாரம்னா சனிக்கிழமை சம்பளத்துல சமாளிச்சுடலாம். ஆனா இது 2025 தீபாவளி முடிஞ்ச பத்தாவது நாள். ஆகஸ்ட் 27-லேர்ந்து நம்ம சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முந்தின வருஷம் 40,000 கோடி ரூபாய்க்கு மேல பனியன் ஏற்றுமதி பண்ணின ஊர் இது. நியூஸ்ல 'ஆர்டர்கள் நிறுத்திவைப்பு'ன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டாங்க. எங்க வீட்ல அந்த ஒரு வரிக்கு அர்த்தம், பவர் டேபிள் டெய்லரான மாமாவுக்கு வாரத்துல மூணே நாள் வேலை. செக்கிங்ல இருக்கிற அக்காவுக்கு அதுவும் நிச்சயமில்லை. தீபாவளி போனஸ் நேரா ஸ்கூல் பீஸுக்குப் போயிடுச்சு.

"அன்னிக்கு காய்ச்சல்னு சொல்லி லீவு போட்டுடலாம்"னு அக்கா முடிவா சொல்லிட்டா.

அதோட விட்டிருப்பேன். ராத்திரி பெரியவ என் பக்கத்துல வந்து படுத்துக்கிட்டு மெதுவா கேட்டா. "சித்தி, எனக்கு வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்துடும்ல?"

ஆறு வயசு பொண்ணு. அழலை, அடம் பிடிக்கலை. போன தடவை மாறுவேடப் போட்டி அன்னிக்கும் இதே காய்ச்சல்தான் வந்துச்சாம். எனக்குத் தூக்கம் போச்சு.

மறுநாள் காலையில போன்ல அம்மாகிட்ட எலும்புக்கூடு டிரெஸ் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உத்துப் பார்த்தவங்க, "அட, இதா! இதை நான் லட்சம் பீஸ் பிசிறு வெட்டியிருக்கேனே!"ன்னாங்க.

அப்புறம்தான் கதை வெளியே வந்துச்சு. அம்மா இருபது வருஷத்துக்கு மேல பனியன் கம்பெனியில இருந்தவங்க. வருஷா வருஷம் கோடையில குழந்தைங்க சைஸ்ல கறுப்பு டி-ஷர்ட் வருமாம். முன்னாடி வெள்ளையா விலா எலும்பு. இல்லைன்னா ஆரஞ்சு கலர்ல பூசணிக்காய். 'வெள்ளைக்காரன் பிள்ளைக்கு ஏன் இப்படி அபசகுனமா போட்டு விடறான்'னு திட்டிக்கிட்டே வெட்டுவாங்களாம். அக்டோபர் கடைசியில போடற துணி, ஆகஸ்டுக்குள்ள கப்பல் ஏறினாதான் அங்க கடைக்குப் போகும். அதனால திருப்பூருக்கு ஹாலோவீன் எப்பவுமே சித்திரை வெயில்லதான் வந்திருக்கு. பேருதான் தெரியலை!

2012-ல கரண்ட் கட் கொடி கட்டிப் பறந்துச்சே, ஞாபகம் இருக்கா? அப்ப ஒரு நைட் ஷிப்ட்ல பொட்டுனு கரண்ட் போயிருக்கு. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகலை. பார்த்தா, மேஜை மேல அடுக்கி வச்சிருந்த டி-ஷர்ட் அத்தனையிலும் எலும்பு பச்சையா மின்னுது! இருட்டுல ஒளிர்ற பிரின்டாம் அது, யாருக்கும் தெரியாது. டியூப்லைட் வெளிச்சத்தைக் குடிச்சு வச்சிருந்து இருட்டுல கக்கியிருக்கு. செக்கிங் சூப்பர்வைசர்தான் முதல் ஆளா ஓடினாராம். "பொம்பளைங்க நாங்க அப்புறம்தான் ஓடினோம்"னு அம்மா பெருமையா சொன்னாங்க.

இத்தனை பேயைச் செஞ்சு அனுப்பின ஊர்ல, எங்க வீட்டு ரெண்டு குழந்தைக்கு ஒரு பேய் டிரெஸ் இல்லையா? அம்மாவுக்கு ரோஷம் வந்துடுச்சு.

சாயங்காலம் மாமா ஒரு வேஸ்ட் குடோன்லேர்ந்து கறுப்பு கட்டிங் துண்டு ஒன்றரை கிலோ வாங்கிட்டு வந்தார். கிலோ 60 ரூபாய், ஆக 90. மெஷின் துடைக்கப் போற துணி அது. கூட, தெரிஞ்ச நிட்டிங் கம்பெனியில நூல் தீர்ந்த காகிதக் கோன் ஒண்ணு இலவசம்.

இங்கதான் ஒரு தொழில் ரகசியம் சொல்றேன், நோட் பண்ணிக்குங்க. சிங்கிள் ஜெர்சி துணியை விரல் அகலத்துக்கு நீளமா வெட்டி, ரெண்டு பக்கமும் பிடிச்சு ஒரு இழு இழுத்தா, அதுவா சுருண்டு கயிறு மாதிரி ஆயிடும். பிசிறும் அடிக்காது. இப்படி நூறு கயிறு வெட்டி ஒரு எலாஸ்டிக்ல கட்டினா... சூனியக்காரி சடை ரெடி! தலைக்கு மேல நூல் கோனைக் கவிழ்த்து, கறுப்புத் துணி சுத்தி, அட்டையில வட்டமா விளிம்பு வச்சா தொப்பி. சின்னவனுக்கு அவனோட பழைய கறுப்பு டி-ஷர்ட், பேன்ட். வெள்ளைத் துண்டுல எலும்பு வெட்டினது அம்மா. விலா எலும்பு ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் ஏழு. "அங்க போயி யாரு எண்ணப் போறா?"

மாமாவுக்கு ஊர் உடன்குடி பக்கம். அவங்க வீட்ல வருஷா வருஷம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு மாலை போடுவாங்க. தசராவுக்குக் காளி, குறவன், குறத்தி, குரங்கு, போலீஸ், பிச்சைக்காரர்னு ஆளாளுக்கு ஒரு வேஷம் கட்டி, வீடு வீடா போய்க் காணிக்கை வாங்கி, அதைக் கோயில்ல கொண்டு போய்ச் சேர்ப்பாங்க. அந்த வருஷம் அக்டோபர் 2 சூரசம்ஹாரத்துக்கு மாமா எமன் வேஷம் கட்டினார். வேலை நல்லபடியா ஓடணும்னு வேண்டுதல். முகத்துக்குப் போடற சாயம் மிச்சம் இருந்துச்சு.

நான் அவருக்கு ஹாலோவீனை விளக்கினேன். நவம்பர் 1 சகல புனிதர் திருநாள், அதுக்கு முந்தின ராத்திரி இது. அதுக்கும் முன்னாடி அயர்லாந்துப் பக்கம் அறுவடை முடிஞ்சு குளிர்காலம் தொடங்கறப்ப கொண்டாடின சாவின் பண்டிகையிலேர்ந்து வந்ததுன்னு சொல்றாங்க. முதல்ல டர்னிப் கிழங்கைத்தான் குடைஞ்சு விளக்கு வச்சாங்க, அமெரிக்கா போனதும் பூசணிக்காய் ஆயிடுச்சு. குழந்தைங்க வேஷம் போட்டு வீடு வீடா போய் மிட்டாய் வாங்குவாங்க. இதுக்காக 2025-ல அமெரிக்காக்காரங்க 1,310 கோடி டாலர் செலவு பண்ணுவாங்கன்னு அவங்க ஊர் சில்லறை வியாபாரிகள் சங்கமே கணக்கு சொல்லியிருந்துச்சு.

மாமா பொறுமையா கேட்டுட்டு, "அப்ப அவங்களும் நம்ம குலசைக்காரங்கதான்னு சொல்லு. என்ன, உண்டியல்ல போடாம தாங்களே தின்னுடுதாங்க!"ன்னார்.

வியாழக்கிழமை ராத்திரி ஏழு மணி. எலும்புச் சட்டைக்கு மண்டையோட்டுக் குல்லா மட்டும் பாக்கி. அப்ப மாமாவுக்குப் போன். அவசர ஆர்டர், நைட் ஷிப்ட் வரச் சொல்றாங்க. எத்தனையோ நாளா காத்திருந்த போன் அது. அக்கா முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். மாமா மட்டும் குல்லாவையும் சின்னவனையும் மாத்தி மாத்திப் பார்த்தார். "நீங்க போங்க மாமா, நான் தெச்சுடறேன்"னு வாய் விட்டுட்டேன்.

பி.காம் மூணாம் வருஷம் படிக்கிற நான், வீட்டுத் தையல் மெஷின்ல சின்சியரா தெச்சேன். சின்னவன் தலையில மாட்டினான். 'பட்!' நெத்தியிலேர்ந்து பிடரி வரைக்கும் தையல் விட்டுப் போச்சு. பனியன் துணி இழுபடும், சாதாரணத் தையல் இழுபடாது. அதுக்குத்தான் ஓவர்லாக்குனு ஒரு மெஷினையே வச்சிருக்காங்கன்னு பிறந்ததுலேர்ந்து திருப்பூர்ல இருக்கிற எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது. மணி பதினொண்ணு. சின்னவன் உதட்டைப் பிதுக்கறான். அம்மா எந்திரிச்சு வந்தாங்க. கத்தரிக்கோலை எடுத்து, குல்லாவோட பின்பக்கத்தை முழுசா கிழிச்சாங்க. நாலு ஜோடி ஜெர்சிக் கயிறு வச்சு முடிச்சுப் போட்டாங்க. "எவ்வளவு வேணா இழுடா தங்கம்"னாங்க. பேய்க்கு அதுவும் ஒரு ஸ்டைலாத்தான் இருந்துச்சு.

காலையில ஏழரைக்கு மாமா வந்துட்டார். கண்ணு ரெண்டும் கோவைப்பழம். டீ கூடக் குடிக்காம தரையில சப்பணம் போட்டு உட்கார்ந்து, பெரியவ முகத்தை மடியில சாய்ச்சு வச்சு, கண்ணைச் சுத்திக் கறுப்பு, கன்னத்துல பச்சையா ஒரு கோடுன்னு இழைச்சார். தூக்கத்துல அவர் கை நடுங்குது. பெரியவ மூச்சு விடாம அசையாம இருந்தா. முடிச்சதும் கண்ணாடியைப் பார்த்துட்டு, அக்காகிட்டப் போய் நெத்தியைக் காட்டினா. "தொட்டுப் பாரும்மா. காய்ச்சல் இல்லை."

அக்கா தொட்டுப் பார்த்துட்டு, அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போயிட்டா.

செலவு? துணி 90, எலாஸ்டிக் 10, பசை 20. மொத்தம் 120 ரூபாய். பரிசு கிரிசெல்லாம் ஒண்ணும் கிடைக்கலை. அது ஆன்லைன்ல வாங்கின வேம்பயர் ஒருத்தனுக்குப் போச்சு. ஆனா பெரியவளோட சடையைப் பிடிச்சு இழுக்க கிளாஸே கியூல நின்னுச்சாம். எங்க வாங்கினதுன்னு மிஸ் கேட்டதுக்கு, "எங்கப்பா கம்பெனி"ன்னு சொல்லியிருக்கா.

சாயங்காலம் எங்க லைன் வீட்டுல ரெண்டு பேரையும் ஒரு துணிப்பையோட கிளப்பி விட்டேன். எதிர்வீட்டுப் பாட்டி முதல்ல, 'விளக்கு வைக்கிற நேரத்துல இதென்ன கோலம்'னு வைதுட்டு, அப்புறம் நாலு முறுக்கு போட்டாங்க. மூணாவது வீட்டு ஒடிசா அண்ணன்கள் பிஸ்கட் பாக்கெட்டோட ஒரு செல்ஃபி. கடைசி வீட்டு அக்காவுக்குத் தூத்துக்குடி. அவங்க சின்னவனைப் பார்த்ததும் உள்ளே போய், மஞ்சள் தடவின ஒரு ரூபாய்க் காசைக் கொண்டு வந்து பையில போட்டுட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டாங்க!

அந்தக் காசு குலசைக்குச் சேர வேண்டியதுன்னு மாமா கண்டிப்பா சொல்லிட்டார். நூல் கோன் தொப்பிக்குள்ள முடிஞ்சு வச்சிருக்கோம்.

சின்னவன் எலும்புச் சட்டையைக் கழட்ட மாட்டேன்னு அதோடயே தூங்கிட்டான். ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்த அம்மா, இருட்டுல அவனைப் பார்த்துட்டு என்ன சொல்லி அலறினாங்கங்கறதை மட்டும் இங்க எழுத முடியாது... ஸாரி!