மருந்து கேட்கவில்லை

ஜூன் 3
அம்மாவுக்கு நேற்றிரவு வென்டிலேட்டர் வைத்துவிட்டார்கள். குடல் அடைப்புக்கு ஆபரேஷன் முடிந்து தேறிக்கொண்டுதான் இருந்தாள். காலையில் ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். "அம்மா" என்றேன். இமை அசைந்தது.

ஜூன் 4
காய்ச்சல் 102. ரத்தம் கல்ச்சருக்குப் போயிருக்கிறது. முடிவு வரும்வரை மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்.

ஜூன் 7
கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. கிளெப்சியெல்லா. எல்லோர் குடலிலும் இருக்கக்கூடிய கிருமிதானாம். குழாய், ஊசி வழியாக ரத்தத்தில் இறங்கினால்தான் வினை என்றார் டியூட்டி டாக்டர். மருந்துப் பெயர்கள் வரிசையாக. எதிரே ஆர், ஆர், ஆர். மருந்து கேட்காது என்று அர்த்தம். அமிகாசின் ஆர். மெரோபெனமும் ஆர். அப்படியானால் இந்த மூன்று நாளாக ஏறியது? கேட்க வாய் வரவில்லை. கொலிஸ்டினுக்கு மட்டும் ஐ, இடைநிலை.

"எஸ் என்று ஒன்றுகூட இல்லையே டாக்டர்?"

கொலிஸ்டினுக்கு எஸ், அதாவது 'கேட்கும்', என்ற பிரிவையே அமெரிக்கத் தரக் குழு 2020இல் எடுத்துவிட்டதாம். கேட்கும் என்று யாரும் உறுதி சொல்வதற்கில்லை. "ஐ வந்தால் கொடுத்துப் பார்ப்போம்மா. கிட்னியைக் கவனிச்சுக்கணும்."

1949இல் ஜப்பானில் கண்டுபிடித்த மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறதென்று ஓரங்கட்டியதை, வேறு கதியில்லாமல் திரும்ப எடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டேன்.

ஜீன் சோதனையில் என்டிஎம், மருந்தை முறிக்கும் மரபணு. நியூ டெல்லியின் பெயர் அதில் இருக்கிறது. 2010இல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வில் சென்னையில் எடுத்த கிருமிகளும் உண்டு. முதல் ஆசிரியரே சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர். அப்போது நாடு ஊரின் பெயரை ஏன் வைத்தாய் என்றுதான் சண்டைக்குப் போனது. அந்த மரபணுவோ ஒரு கிருமியிடமிருந்து இன்னொரு இனக் கிருமிக்குக் கைமாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஜூன் 8
தூக்கமில்லை.

ஜூன் 11
பக்கத்துப் படுக்கைப் பையனின் அப்பா மேலூர்க்காரர். பைக் விபத்து, தலையில் அடி. அவனுக்கு நுரையீரலில் அசினிட்டோபாக்டர் என்ற கிருமி, மருந்து கேட்காதது. வராந்தாவில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"எம்மவன் காய்ச்சலுக்குக்கூட மாத்திரை போட்டதில்ல தாயி. கஞ்சியும் கசாயமும்தான். அவனுக்கு எப்படி மருந்து கேக்காமப் போச்சு?"

மருந்துக்குப் பழகியது பையன் இல்லை ஐயா, கிருமி என்று சொல்ல வாயெடுத்தேன். அது எங்கே பழகியது, எத்தனை பேர் உடம்பில் பழகி இவனிடம் வந்தது என்று அவர் அடுத்துக் கேட்டிருப்பார். "டீ ஆறுது, குடிங்க" என்றேன்.

ஜூன் 13
டயப்பர் வாங்க எதிர் மெடிக்கலுக்குப் போனேன். முன்னால் நின்ற பையன், சட்டையெல்லாம் சிமெண்ட், சளிக்கு மாத்திரை கேட்டான். கடைக்காரர் அசித்ரோமைசின் அட்டையில் இரண்டைக் கத்தரித்துக் கொடுத்தார். அட்டையில் சிவப்புக் கோடு: சீட்டில்லாமல் கொடுக்கக்கூடாது. பிடுங்கி எறியலாம் போல ஆத்திரம். "நாளைக்கு லீவு போட்டா கூலி போயிரும்ணே" என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். டயப்பரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 14
கிரியேட்டினின் 3.1. கிட்னி அடி வாங்குகிறது.

ஜூன் 17
காய்ச்சல் இல்லை! இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இரவு சிஸ்டர் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்தாள். தொடும் முன் ஹேண்ட் ரப், தொட்ட பின் ஹேண்ட் ரப், பையன் படுக்கைக்குப் போகும்போது மறுபடி. விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. எரியாதா என்றேன். "எரியும்க்கா. மூணு பெட்டுக்கு நான் ஒருத்தி. மறந்துட்டா அங்க இருக்கிறது இங்க வந்துரும்." தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னேன். டியூட்டி முடிந்துதான் தடவ முடியுமாம். மருந்து கேட்காத கிருமிகளைச் சமாளிக்க 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடிப் போட்ட சென்னைப் பிரகடனத்தைப் பற்றி முந்தாநாள் படித்தேன். இந்த இரவில் எனக்கு இவள் கைதான் நம்பிக்கை.

ஜூன் 20
மறுபடி காய்ச்சல். சிறுநீர் குறைந்துவிட்டது. கொலிஸ்டினை நிறுத்திவிட்டு செஃப்டாசிடிம்-அவிபாக்டமும் அஸ்ட்ரியோனாமும் சேர்த்துக் கொடுக்கலாம் என்கிறார்கள். ஒரு நாள் செலவே ஆயிரக்கணக்கில். அண்ணன் திருப்பூரிலிருந்து பணத்துக்கு அலைகிறான். புதுக் கல்ச்சர் அனுப்பியாயிற்று. டயாலிசிஸ் தேவையா என்று நாளை மாலை சொல்வார்களாம்.