மழை காணாத சீமை

பாலைவனம் என்றதும் நமக்கு ஸஹாராவும் ஒட்டகங்களுமே நினைவுக்கு வரும். ஆனால் வறட்சியில் ஸஹாராவையும் மிஞ்சியது, தென் அமெரிக்காவில் சிலி தேசத்தின் வடபாகத்தில் உள்ள அட்டகாமாப் பாலைவனம். துருவப் பிரதேசங்களை நீக்கிப் பார்த்தால் இதைவிட வறண்ட பாலை உலகில் வேறு இல்லை. அங்கே அரிகா என்னும் துறைமுகப் பட்டினத்தில், 1903-ம் வருஷம் முதல் 1918-ம் வருஷம் வரை, 14 வருஷங்களுக்கு மேல் மழையே பெய்யவில்லை!

பக்கத்திலேயே பசிபிக் மகாசமுத்திரம் இருக்க, மழைக்கு ஏன் இந்தப் பஞ்சம்? கிழக்கே ஆண்டீஸ் மலை மதில்போல் நின்று, அமேஸான் பக்கத்து மேகங்களைத் தடுத்து விடுகிறது. மேற்கே, ஹம்போல்ட் என்னும் குளிர்ந்த நீரோட்டம் கரையோரமாக ஓடுகிறது. அதனால் குளிர்ந்துபோன கடற்காற்று உயர எழும்பி மழையாக மாறாமல், வெறும் மூடுபனியாகத் தவழ்ந்து மறைகிறது.

இத்தகைய பூமியில் என்ன செல்வம் இருக்கக்கூடும்? மழை இல்லாததனால்தான் அங்கே செல்வம் இருந்தது. நீரில் எளிதில் கரைந்துவிடும் நைட்ரேட் என்னும் வெடியுப்பு, கரைத்துப் போக மழையின்றி நிலமெங்கும் படிந்து கிடந்தது. அது அயல் தேசத்து வயல்களுக்கு உரமாயிற்று, பீரங்கிகளுக்கு வெடிமருந்தாயிற்று. அதை முன்னிட்டே 1879-ல் சிலிக்கும், பெரு, பொலிவியா தேசங்களுக்கும் யுத்தம் மூண்டது. சிலி வென்றது, பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. ஆனால் வென்ற தேசத்தின் உப்பில் பெரும் லாபம் கண்டவர்கள் ஆங்கிலேய முதலாளிகளே.

கொளுத்தும் வெயிலில் உப்பு வெட்டிய தொழிலாளிக்குக் கிடைத்த கூலி யாது? கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும் வில்லைகள்! 1907-ம் வருஷம் டிசம்பர் மாதம் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையை நிறுத்திவிட்டு, பலர் மனைவி மக்களுடன், இகீகே துறைமுகத்துக்கு வந்து நியாயம் கேட்டனர். 21-ந் தேதி, அவர்கள் தங்கியிருந்த ஸாந்தா மரியா பள்ளிக்கூடத்தில் ராணுவம் சுட்டது. ஏராளமானோர் மாண்டனர்.

1913-ல் ஜெர்மனியில், காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டே உரம் செய்யும் தொழிற்சாலை ஏற்பட்டது. நாளடைவில் பாலைவனத்து உப்புக்குக் கிராக்கி குறைந்தது. உப்பு ஊர்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஹம்பர்ஸ்டன் என்னும் ஊரை ஜனங்கள் 1960-ல் விட்டுச் சென்றனர். அதன் பள்ளிக்கூடமும் நாடகக் கொட்டகையும், கம்பெனிக் கடையும் இன்றும் நிற்கின்றன.

மழை பெய்யும் நாட்டில் காலம் தன் சுவடுகளைத் தானே கழுவிவிடும். அட்டகாமாவில் அதற்கும் ஒரு துளி நீர் இல்லை.