சிப்பாய்கள் மட்டும் போதும்



பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமொன்றில் பெரியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, படிக்க அனுப்புகின்ற பிள்ளைகளுக்குக் காய் நகர்த்தக் கற்றுக் கொடுக்கிறீர்களாமே, இது சூதாட்டத்தில் கொண்டுபோய் விடாதா?" என்று வினவினார். அவையிற் சிலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. சம்பள நாளன்று சீட்டுக்கட்டின் முன் அமர்ந்தவர்களால் அடுப்பெரியாமற் போன வீடுகளைத் தோட்டத்து மக்கள் அறிவர். அவருடைய அச்சம் நியாயமானதே.

ஆயினும் சீட்டு வேறு, சதுரங்கம் வேறு. சதுரங்கத்திற் பகடை இல்லை. மறைத்துப் பிடித்த சீட்டும் இல்லை. 64 கட்டங்களும் 32 காய்களும் இருவர் கண்ணெதிரிலும் விரிந்து கிடக்கின்றன. உண்மையைச் சொல்லப் புகுந்தால், சிறுவர்க்கு அவ்வாட்டம் கடினமாவதும் அதனாலேதான். தாயத்தில் தோற்ற பிள்ளை, "எனக்குத் தாயம் விழவில்லை" என்று சொல்லி ஆறுதலடையலாம். சதுரங்கத்தில் தோற்ற பிள்ளைக்கு அந்த வழி இல்லை. "எனக்கு இது வராது" என்றே அதன் நெஞ்சிற் பதிந்து விடுகிறது. ஒரு முறை அவ்வாறு சொல்லிப் பழகிய பிள்ளை, நாளை கணக்குப் பாடத்திலும் அதையே சொல்லும். நகரத்துப் பள்ளிகளோடு போட்டியென்றால் பேருந்தில் ஏறும்போதே சொல்லும். தோட்டப் பள்ளியிற் பணியாற்றுவோர்க்கு இதனினும் பெரிய கவலை வேறில்லை.

வீட்டிற் சதுரங்கம் தெரிந்த அண்ணனோ மாமாவோ கற்பிக்கும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். 32 காய்களையும் அடுக்கி, ஆறு வகைக் காய்களின் நடையையும் ஒரே மாலையிற் கூறி, "சரி, ஆடு பார்க்கலாம்" என்பார்கள். ஏழு வயதுப் பிள்ளை குதிரையின் நடையை நினைவுபடுத்திக் கொள்வதற்குள் அரசியை இழந்து நிற்கும். அரை மணி நேரம் துன்புற்று, ஏன் தோற்றோம் என்பதே விளங்காமல் எழுந்து போகும். மறுநாள் பலகையைத் தொடாது.

ஆகவே நம் பள்ளியில் முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் தொடக்கத்தில் சிப்பாய்களை மட்டுமே தருகிறோம். இது நமது கண்டுபிடிப்பன்று. பல நாடுகளிற் சதுரங்கம் கற்பிப்போர் கையாளும் முறையே. ஒவ்வொருவருக்கும் எட்டுச் சிப்பாய்கள். சிப்பாய் நேரே ஓரடி வைக்கும். புறப்படும் இடத்திலிருந்து மட்டும், விரும்பினால், ஈரடி வைக்கும். வெட்டும்போது மட்டும் மூலைவாட்டாக ஓரடி செல்லும். பின்வாங்குதல் அதற்குக் கிடையாது. எவருடைய சிப்பாய் மறுகரையின் கடைசி வரிசையை முதலில் எட்டுகிறதோ அவரே வென்றவர். தன் முறை வரும்போது நகர்த்தக் காய் ஏதுமில்லாவிட்டால் ஆட்டம் சமன். இவ்வளவே சட்டம்.

ஓர் ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்து விடுகிறது. ஒரு பாடவேளைக்குள் ஐந்தாறு ஆட்டம் ஆடலாம். ஐந்தில் மூன்று தோற்ற பிள்ளையும் இரண்டு வென்றிருக்கும். தோல்வி அதற்கு மழைத்தூறல் போல ஆகிவிடுகிறது. துடைத்துக் கொண்டு மீண்டும் காய்களை அடுக்குகிறது. நாம் இந்தச் சிற்றாட்டங்களைப் பெரிதும் நம்புவது இதன் பொருட்டே. அறிவு வளரும், நினைவாற்றல் பெருகும் என்று பலர் சொல்லும் காரணங்கள் நமக்கு இரண்டாம் பட்சம்.

வாசிப்பிற் பின்தங்கிய இரண்டாம் ஆண்டுச் சிறுவன் ஒருவன், வகுப்பில் முதலாவதாக வரும் சிறுமியோடு ஆடியதை அருகிலிருந்து கண்டோம். சிப்பாய்கள் பெரும்பாலும் முட்டி நின்றுவிட்டன. இடது ஓரத்தில் எவர் முதலில் அடி வைத்தாலும் வெட்டுப்படும் நிலை. வலது ஓரத்தில் இருவர் சிப்பாய்களுக்கும் இடையே ஒரேயொரு கட்டம் காலியாக இருந்தது. சிறுவன் முறை வந்ததும், வலது ஓரச் சிப்பாயை அக்கட்டத்தில் வைத்து அடைத்துவிட்டுக் கைகட்டி அமர்ந்தான். சிறுமிக்கு இடப்புறம் அடி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. வைத்தாள், வெட்டுப்பட்டது, அவன் சிப்பாய் தடையின்றிக் கரையேறியது. "இந்தக் கட்டத்தை எப்போது பார்த்தாய்?" என்று கேட்டோம். "முன்னமே பார்த்துட்டேன் ஐயா, கடைசிக்குன்னு வச்சிருந்தேன்" என்றான். அவன் வாயிலிருந்து அத்தனை சொற்கள் ஒருசேர வந்து நாம் கேட்டது அன்றுதான்.

சிப்பாய்கள் கைவந்த பின் மற்றக் காய்கள் ஒவ்வொன்றாக வரும். மூலைவாட்டாகச் செல்லும் மந்திரியை நம் பிள்ளைகளுக்கு விளக்குதல் எளிது. செம்பனைக் கன்றுகளை முக்கோண அமைப்பில் நடுவதால், ஒரு மரத்தடியில் நின்று பார்த்தால் நேர் நிரை மட்டுமன்றிச் சாய்ந்த நிரைகளும் கோடு பிடித்தாற்போலத் தெரியும். "அந்தச் சாய்ந்த நிரைதான் மந்திரியின் வழி" என்றால் போதும். குதிரைக்குப் போத்தல் மூடிகள்: பலகையெங்கும் மூடிகளைப் பரப்பி, குறைந்த தாவல்களில் எல்லாவற்றையும் பொறுக்கச் சொல்வோம். மூலையில் நிற்கும் குதிரைக்கு இரண்டே கட்டங்கள், நடுவில் நிற்பதற்கு எட்டு என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்து ஓடிவந்து சொல்வார்கள். பிறகு ஓர் அரசி எட்டுச் சிப்பாய்களை எதிர்க்கும் ஆட்டம். அரசி வலியவள் என்று எண்ணி அவளைக் கேட்டு வாங்குவோர், ஒரு சிப்பாய் நழுவிக் கரையேறும்போது திகைப்பதைக் காண வேண்டும்! அரசன் வருவது எல்லாவற்றிற்கும் பின்னரே. இரண்டு யானைகள் ஏணிப்படி ஏறுவதுபோல் மாறி மாறி வரிசைகளை அடைத்து, அரசனை ஓரத்திற்குத் தள்ளி முற்றுகையிடும் முறையை அப்போது கற்பிக்கிறோம்.

காய்களின் பெயரால் ஒரு குழப்பம் நேர்வதுண்டு. மலாய் மொழியில் மெந்திரி என்பது நாம் அரசி என்னும் காய். காஜா, அதாவது யானை, நம் மந்திரி. நம் யானைக்கு அங்கே தீர் என்று பெயர். தீர் என்பது தமிழ்த் தேரை ஒத்திருப்பதைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டினால் மகிழ்வார்கள். பழைய சதுரங்கப் படையில் தேரும் உண்டன்றோ!

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், நம் அண்டை நாடான சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ், சீனத்தின் டிங் லிரனை வென்று உலக வெற்றியாளரான செய்தியைப் பிள்ளைகள் அறிவார்கள். அவர்கள் அறியாத ஒன்றைச் சொன்னோம். அப்போட்டியில் நடந்தவை 14 ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் குகேஷ் தோற்றார், பன்னிரண்டாவதிலும் தோற்றார். மூன்றாவது, பதினோராவது, பதினான்காவது ஆட்டங்களில் வென்றார்; எஞ்சியவை சமன். "முதல் ஆட்டத்திலேயேவா ஐயா தோற்றார்?" என்று முதல் வரிசையிலிருந்த சிறுமி இருமுறை கேட்டாள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையிற் பலகை வாங்க வேண்டியதில்லை. அட்டையொன்றில் எட்டுக்கு எட்டாகக் கட்டம் கீறி, ஒன்றுவிட்டு ஒன்று மையிட்டு, இரு நிறத்தில் எட்டெட்டுப் போத்தல் மூடிகள் வைத்தாற் போதும். வேலை முடிந்து வந்து குளித்தபின், சட்டத்தை உங்கள் பிள்ளையிடமே கேட்டு ஆடுங்கள். பிள்ளைக்காக வேண்டுமென்றே தோற்காதீர்கள். பிள்ளைகள் அதை உடனே கண்டுகொள்வார்கள். அதற்கு அவசியமும் நேராது என்றே எண்ணுகிறோம். கூட்டத்தில் வினவிய அப்பெரியவர் தம் பேத்தியிடம் இதுவரை நான்கு முறை தோற்றிருப்பதாக அவரே நம்மிடம் கூறினார்.