மூச்சு வாங்கிய ஐந்து நாட்கள்

2018 அக்டோபரில் கனடாவில் இருக்கும் என் பெண் வீட்டுக்குப் போயிருந்தேன். ஊர் ஹாமில்டன். டொராண்டோவிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். "நயாகராவைப் பார்த்துட்டு வந்து எழுதுங்கோ" என்று சிநேகிதிகள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பார்த்தேன். ஆனால் அதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதியாயிற்றே!

ஹாமில்டன் ஓர் இரும்பு ஊர். ஏரிக்கரையில் உருக்காலைப் புகைபோக்கிகள். ஊருக்கு நடுவே சுவர் எழுப்பினாற்போல் ஒரு பாறைச் சரிவு. உயரம் நூறு மீட்டர் இருந்தால் அதிகம். அதற்கு ‘மவுண்டன்’ என்று பெயர்! கொடைக்கானலைப் பார்த்த நமக்கு அதை மலை என்று சொல்ல மனசு வராது. ஆனாலும் அந்தச் சரிவில் நூற்றுக்கும் மேற்பட்ட அருவிகள் விழுகின்றன. மேப்பிள் இலைகள் சிவந்து கிடக்கும் அக்டோபரில் அந்த அழகே தனி.

பேத்தியின் பள்ளிக்கூடம் அந்த ‘மலை’ மேல். ஏழாம் வகுப்பில் ஆளுக்கொரு வாத்தியம் கொடுத்து பேண்டு கற்றுத் தருகிறார்கள். இவள் எடுத்துக்கொண்டது டிராம்போன். நீளக் குழாயை முன்னும் பின்னும் இழுத்து வாசிப்பார்களே, அது. எனக்குத் தெரிந்த பேண்டெல்லாம் ஜானவாச ஊர்வலத்தில் வந்ததுதான். "பெண் குழந்தை இதையா ஊதணும்? வீணை, வயலின் எதுவும் கிடைக்கலையா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

போதாக்குறைக்கு, செப்டம்பரில்தான் அவளுக்குப் பல்லில் கம்பி கட்டியிருந்தார்கள். ஊதினால் கம்பி குத்தி உதட்டின் உட்புறம் புண். தினம் சாயங்காலம் அழுகை. டிராம்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புல்லாங்குழல் வாங்கிக்கொள்ள ஒரு படிவம் வந்து, ஃபிரிட்ஜ் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. "கையெழுத்தைப் போட்டுத் தொலையேண்டி" என்று என் பெண்ணை நச்சரித்தவள் நான்தான்.

அந்த வாரம்தான் ஐந்து பேர் கொண்ட பித்தளை வாத்தியக் குழு ஒன்று, ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே வந்து அந்தப் பள்ளியில் இறங்கியது. இரண்டு டிரம்பெட், ஒரு பிரெஞ்சு ஹார்ன், ஒரு டிராம்போன், ஒரு டியூபா. (குழுவின் பெயரை எழுதிவைத்த காகிதத்தை மூட்டை கட்டும் அவசரத்தில் தொலைத்துவிட்டேன்!) கச்சேரி செய்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை பிள்ளைகளோடேயே இருந்து சொல்லிக் கொடுத்தார்கள். இந்த வழக்கம் அந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1970-ல் டொராண்டோவில் பிறந்து பிற்பாடு உலகப் புகழ் பெற்ற ‘கனேடியன் பிராஸ்’ குழு, ஆரம்ப நாட்களில் ஹாமில்டன் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து இருந்து, அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறது.

புதன்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர்களும் வரலாம் என்றார்கள். புடவைக்கு மேல் ஸ்வெட்டரும் அதற்கு மேல் கோட்டுமாக நானும் போய் உட்கார்ந்தேன்.

ஹார்ன் வாசிப்பவர் முதலில் என்ன எடுத்தார் தெரியுமோ? தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயும், எண்ணெய் ஊற்றும் புனலும்! குழாயின் ஒரு முனையில் ஊதுவாயைச் செருகி, மறுமுனையில் புனலை மாட்டி ஊதினார். நிஜமாகவே பாட்டு வந்தது! முதலில் அதிர்வது உதடுதானாம். குழாயும் அதற்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து அதைப் பெரிய நாதமாக்குகின்றன. டியூபாவைச் சுருள் பிரித்து நீட்டினால் ஐந்தரை மீட்டர் வரும் என்றார். அட, நான் கட்டியிருந்த புடவையின் நீளம்!

அப்புறம் டியூபாக்காரர் பிள்ளைகளை எல்லாம் தரையில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். வயிற்றின் மேல் ஒரு புத்தகம். மூச்சை இழுத்தால் புத்தகம் உயர வேண்டும், தோள் உயரக்கூடாது. என் பாட்டு வாத்தியார் "நாபியிலேர்ந்து பாடு" என்று தலைதலையாய் அடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. ஒரு புத்தகத்தை வைத்திருந்தால் எனக்கும் அன்றே புரிந்திருக்கும்!

நடுநடுவே வாத்தியத்திலிருந்து தண்ணீரைக் கீழே சொட்டவிட்டார்கள். ‘ஐயையோ, எச்சில்!’ என்று நான் முகம் சுளித்ததைப் பக்கத்திலிருந்த ஆசிரியை பார்த்துவிட்டாள். பெரும்பாலும் அது மூச்சின் ஈரம் குளிர்ந்து நீரானதுதானாம். இருந்தாலும் ஊதுவாயை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளாமல், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல பழக்கம்.

டிராம்போன் வாசித்தவர் ஒரு பெண்மணி. பேத்தி மெல்லப் போய் வாயைத் திறந்து கம்பியைக் காட்டினாள். "நானும் ரெண்டு வருஷம் கம்பியோடுதான் வாசிச்சேன்" என்று அவர் சிரித்தார். வாத்தியத்தை உதட்டில் அழுத்தாதே, காற்றை அதிகம் கொடு. குத்தும் இடத்தில் பல் டாக்டர் தரும் மெழுகை ஒட்டிக்கொள். பத்து நிமிஷம் வாசித்தால் பத்து நிமிஷம் சும்மா இரு. அவ்வளவுதான்.

பிறகு அவர் ஒரு கதை சொன்னார். நடந்த கதை. 1980-ல் ஜெர்மனியில் மியூனிக் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவில் டிராம்போனுக்கு ஆள் எடுத்தார்கள். திரைக்குப் பின்னால் வாசிக்க வைத்துத்தான் தேர்வு. ஜெயித்தவர் வெளியே வந்தபோது பார்த்தால், அபி கோனன்ட் என்ற பெண்! சேர்த்துக்கொண்டார்கள்; ஆனால் 1982-ல் முதல் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு இறக்கிவிட்டார்கள். ஒரு பெண்ணுக்கு அவ்வளவு மூச்சு ஏது என்பது போன்ற பேச்சு. அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் நுரையீரலைச் சோதித்து நிரூபிக்க வேண்டியிருந்தது. கோர்ட் படி ஏறி இறங்கி, பதவியும் சம்பளமும் முழுசாகக் கைக்கு வர 1993 ஆகிவிட்டது.

எனக்குச் சுருக்கென்றது. "பெண் குழந்தை இதையா ஊதணும்?" என்று கேட்ட வாய் இதுதானே!

வெள்ளிக்கிழமை இரவு கச்சேரி. குழுவினருக்கு நடுவே பிள்ளைகளும் உட்கார்ந்து வாசித்தார்கள். நல்ல அமைதியான ஒரு இடத்தில், எல்லோருக்கும் முன்னால் தனியாக ஒரு ‘பாம்...’ என்ற சத்தம். எங்கள் வீட்டு உருப்படிதான்! சபையில் லேசான சிரிப்பு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவள் காதெல்லாம் சிவந்துபோயிற்று. ஆனால் வாத்தியத்தைக் கீழே வைக்கவில்லை. கடைசி வரை வாசித்தாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் காரில் ஒரு பேச்சு இல்லை. ‘போச்சு, நாளைக்குக் கையெழுத்துதான்’ என்று நினைத்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றும்போது கேட்டாள், "பாட்டி, அந்த மெழுகை எங்கே வெச்சே?"

மறுநாள் காலை அந்தப் படிவம் ஃபிரிட்ஜ் கதவிலேயே இருந்தது, திருப்பி மாட்டப்பட்டு. பின்பக்கம் என் பெண் பென்சிலால் எழுதியிருந்தாள்: பால், தயிர், வெங்காயம், கொத்தமல்லி.