கருப்புப் பட்டையும் எங்கள் கடை நோட்டும்

போன வாரம் ஹாஸ்டலில் ஒரு சின்ன சண்டை. அறைத்தோழன் செல்போனில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தான். திரையின் இரண்டு ஓரமும் கருப்பாக இருந்தது. பயல் ரெண்டு விரலை வைத்து அப்படியே விரித்தான். கருப்பு போய்விட்டது. கூடவே ஹீரோவின் நெற்றியும் போய்விட்டது.

"ஏல, தலைய வெட்டிட்டியே" என்றேன்.

"படம் முழுசா தெரிய வேண்டாமா?" என்றான்.

இந்த "முழுசா" என்ற வார்த்தைதான் எனக்கு எரிச்சல். ஏனென்றால் இந்த ஒரே வார்த்தைக்காக எங்கள் அப்பா கடையில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் போராட்டம் நடந்தது. அப்போது நான் ஆறாங்கிளாஸ். அதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

அப்பா பாளையங்கோட்டையில் ஒரு சிடி கடை வைத்திருந்தார். கடை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள், ஒரு ஷட்டர், மூன்று அலமாரி, கல்லாவுக்கு மேலே ஒரு டிவி. வாடகைக்கும் கொடுப்பார், விலைக்கும் விற்பார். ஒரிஜினல் மட்டும்தான். 2004-ல் திருட்டு விசிடிக்காரர்களையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டு வந்த பிறகு அப்பாவுக்கு அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவே பயம் (நேர்மை பாதி, பயம் பாதி என்று அவரே ஒத்துக்கொள்வார்). அதனால் வியாபாரம் சுமார்தான். 2007 வாக்கில் மோசர் பேர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியது. அதற்கு முன்னால் ஒரிஜினல் டிவிடி என்றாலே நூற்றுக்கணக்கில்தான். விலை இறங்கியதும் கூட்டம் வந்தது. கூட்டத்தோடு புகாரும் வந்தது.

புகார் எல்லாம் ஒரே புகார். "அண்ணாச்சி, படத்த மேலயும் கீழயும் வெட்டியிருக்கான். கருப்பு கருப்பா வருது. வேற டிஸ்க் தாங்க."

வெட்டவில்லை என்பதுதான் வேடிக்கை. தியேட்டரில் ஸ்கோப் படம் என்றால் உயரம் ஒன்றுக்கு அகலம் 2.35. பழைய குண்டு டிவியில் உயரம் மூன்று பங்கு, அகலம் நான்கு பங்கு, அதாவது 1.33 தான். இந்த அகலத்தை அந்தப் பெட்டிக்குள் அடைக்க ரெண்டே வழி. ஒன்று, படத்தை முழு அகலத்துக்கும் வைத்துவிட்டு மேலேயும் கீழேயும் கருப்பு விடுவது. இன்னொன்று, உயரத்தை நிரப்பிவிட்டு இரண்டு பக்கத்தையும் வெட்டி எறிவது. இரண்டாவது வழியில் நூற்றுக்கு 43 பங்கு போய்விடும். கிட்டத்தட்ட பாதிப் படம். ஆனால் டப்பாவில் அதற்குப் போட்டிருக்கும் பெயர் என்ன தெரியுமா? ஃபுல் ஸ்கிரீன். பாதிப் படத்துக்குப் பெயர் ஃபுல்! முழுப் படத்தைக் கொடுத்தால் "வெட்டிட்டான்" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். இந்தக் கூத்தில்தான் எங்கள் சார்வாள் வந்து சேர்ந்தார்.

சார்வாள் ரிட்டையர்டு வரலாற்று வாத்தியார். பெயர் வேண்டாம். அப்பாவுக்கே பாடம் எடுத்தவர். ஒருநாள் ராஜராஜ சோழன் படத்தை வாடகைக்கு எடுத்துப் போனார். 1973-ல் ஏ.பி.நாகராஜன் எடுத்தது, தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம், சிவாஜிதான் ராஜராஜன். அந்த வருஷமே நம்ம ஊர் தியேட்டரில் பார்த்தவர் அவர். மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்னாலேயே வாசலில் நிற்கிறார்.

"தம்பி, நான் அன்னைக்கு ஒரு அரண்மனை பாத்தேன். நீ குடுத்தது ஒரு தூணு."

கதை இதுதான். அந்த டிஸ்க் ஃபுல் ஸ்கிரீன். சிவாஜி பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்று தெரியவில்லை. எதிரில் நிற்கிற ஆள் வெட்டுப்பட்டுவிட்டார். சபை நிறைய ஆட்களை நிறுத்தி எடுத்த படத்தில் நடுவில் ரெண்டு பேர் மட்டும் நிற்கிறார்கள். டிவியிடமிருந்து ஆட்களைத் தியேட்டருக்கு இழுக்கத்தான் 1953-ல் ஹாலிவுட்டில் சினிமாஸ்கோப்பையே கொண்டு வந்தார்கள். கடைசியில் அதே டிவிக்காக அதை வெட்ட வேண்டி வந்தது. விதி!

அப்பா சொன்னார்: "நான் என்ன செய்ய சார்வாள், வாரதத்தான வாங்கி வைக்கேன். சப்ளையர்ட்ட கேட்டா, ஃபுல் ஸ்கிரீன்தான் ஓடுதுங்கான்."

"ஓடுதுன்னா, யாரும் வேற கேக்கலன்னு அர்த்தம். கேட்டா?"

அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்து கல்லாப் பக்கத்தில் வைத்தார். முதல் பக்கத்தில் அழகான கையெழுத்தில், அகலப் பதிப்பு வேண்டுவோர் என்று எழுதி, முதல் ஆளாகக் கையெழுத்தும் போட்டார். ரெண்டாவது கையெழுத்து என்னுடையது. (என்ன ஏது என்று தெரியாது, சார்வாள் போடச் சொன்னார், போட்டேன்.) மூன்றாவது கையெழுத்து வர மூன்று வாரம் ஆனது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபுல் ஸ்கிரீன் கேட்டவர்களை முட்டாள்கள் என்று சார்வாள் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் சொல்ல மாட்டேன். 2006-ல் இருந்து கலைஞர் ஆட்சியில் வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? 14 அங்குலம். அதில் ஸ்கோப் படத்தை முழு அகலத்துக்கு வைத்தால் படத்தின் உயரம் ஐந்து அங்குலம்கூட வராது. திண்ணையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பார்க்கிற வீட்டில் கடைசியில் இருக்கிற பாட்டிக்கு யார் அழுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்றே தெரியாது. விசிடி இன்னும் மோசம். அதில் மொத்தமே 288 கோடுதான். கருப்புப் பட்டை போக படத்துக்கு மிஞ்சுவது 163 கோடு. முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தப் பாட்டிக்கு முகம் பெரிதாகத் தெரிந்தால் போதும். நியாயம்தானே?

அதனால் சார்வாளின் கோரிக்கை ரொம்பச் சின்னது. ஃபுல் ஸ்கிரீனை நிறுத்தச் சொல்லவில்லை. அலமாரியில் அகலப் பதிப்பும் இருக்கட்டும், எது எது என்று சொல்லி விற்கட்டும், அவ்வளவுதான்.

சப்ளையர் மாசம் ஒருதடவை மதுரையில் இருந்து வருவார். நோட்டைக் காட்டினோம். மூன்று கையெழுத்தையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, அந்தப் பொடியன் போட்டதும் கணக்கா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திருப்பம் தந்தது அந்நியன். 2005-ல் வந்த படம், அதில் ரண்டக்க பாட்டு தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்தில் எடுத்தது. பாறை மேலே சினிமா நட்சத்திரங்களின் முகங்களை வரிசையாக வரைந்திருப்பார்கள். இன்றைக்கும் அதற்கு அந்நியன் பாறை என்றுதான் பெயர். குற்றாலம் சீசனுக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் அங்கேயும் போய் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள். அந்தப் படத்தின் அகலப் பதிப்பு ஒன்று எப்படியோ அப்பா கடைக்கு வந்துவிட்டது.

டிவிடி பிளேயர் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், செட்டப் மெனுவுக்குள் போனால் மூன்று வரி இருக்கும். 4:3 எல்பி, 4:3 பிஎஸ், 16:9. எல்பி என்றால் கருப்பு விட்டு முழு அகலமும் காட்டும். பிஎஸ் என்றால் ரெண்டு பக்கத்தையும் வெட்டித் திரையை இன்னும் கொஞ்சம் நிரப்பும். யாரும் அந்த மெனுவுக்குள் போனதே கிடையாது. சார்வாள் போனார். கடை டிவியில் அந்தப் பாட்டைப் போட்டு, பாறை வருகிற இடத்தில் நிறுத்தி, முதலில் பிஎஸ். கடையில் நின்றவர்களிடம் கேட்டார், "எத்தன மூஞ்சி இருக்கு, எண்ணு." எண்ணினார்கள். பிறகு எல்பி. "இப்ப எண்ணு."

"ஏ, ஓரத்துல ஒண்ணு கூட இருக்கு!"

அந்தப் பாறைக்கு நேரில் போய் வந்த ஆட்கள். அங்கே எத்தனை முகம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆக, வெட்டினது எது, வெட்டாதது எது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் மட்டும் நோட்டில் ஒரு பக்கம் நிறைந்தது. அதற்குப் பிறகு அப்பாவே அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார். "வெட்டிட்டான்" என்று டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் பாறை தரிசனம்.

இன்னொரு வேலையும் செய்தார் அப்பா. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய வேலை. அலமாரியில் அட்டையை மாற்றினார். அகலப் பதிப்பு இருக்கிற தட்டில் "முழுப் படம் (கருப்புப் பட்டை வரும்)" என்று எழுதினார். மற்றதில் "பெரிய முகம் (ஓரம் வராது)". ஃபுல் என்ற சொல்லை ரெண்டிலுமே எடுத்துவிட்டார். இப்போது வருகிறவர்கள் யோசித்துக் கேட்டார்கள். பாட்டிக்குப் பெரிய முகம், பையனுக்கு முழுப் படம் என்று ரெண்டு டிஸ்க் எடுத்துப் போன வீடும் உண்டு.

அடுத்த தடவை சப்ளையர் வந்தபோது நோட்டில் நாலு பக்கம். இந்தத் தடவை சிரிக்கவில்லை. இருபது டிஸ்க் இறக்கினால் அதில் ஐந்து அகலப் பதிப்பு தருகிறேன், அதுவும் எந்தப் படத்துக்கு இருக்கிறதோ அதற்கு மட்டும் என்றார். ராஜராஜ சோழன் அகலத்தில் கடைசி வரை எங்கள் கடைக்கு வரவில்லை. சார்வாள் கேட்பதையும் நிறுத்தவில்லை.

இது ஏதோ பாளையங்கோட்டைக் கிறுக்கு என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அமெரிக்காவிலேயே இதே சண்டை நடந்திருக்கிறது. 1971-ல் வந்த வில்லி வோங்கா படத்தின் முப்பதாம் ஆண்டு டிவிடியை 2001 ஆகஸ்டில் வார்னர் கம்பெனி ஃபுல் ஸ்கிரீனில் மட்டும் விட்டது. ரசிகர்கள் மனு போட்டார்கள். அதே வருஷம் நவம்பரில் அகலப் பதிப்பு வந்துவிட்டது. மூன்றே மாசம்! ப்ளாக்பஸ்டர் என்று ஊருக்கு ஊர் வாடகைக் கடை வைத்திருந்தார்களே, அவர்களும் முதலில் ஃபுல் ஸ்கிரீன் பக்கம் இருந்து, ஆட்கள் விடாமல் கேட்டுக் கேட்டு, 2003-ல் அகலப் பதிப்பு பக்கம் சாய்ந்தார்கள். சார்வாளுக்கு இது தெரிந்திருந்தால் சப்ளையரிடம் ஒரு பிடி பிடித்திருப்பார்.

பிறகு தட்டை டிவி வந்தது. அகலமான டிவி. பிரச்சினை தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை, தலைகீழாகிவிட்டது. இப்போது கருப்பு ரெண்டு பக்கவாட்டிலும் வருகிறது, பழைய சதுரப் படங்களுக்கு. உடனே ரிமோட்டை அமுக்கி இழுத்து விடுகிறார்கள். சரோஜாதேவி கன்னம் பூரி மாதிரி உப்புகிறது. இல்லை என்றால் மேலேயும் கீழேயும் வெட்டுகிறார்கள். 1964-ல் வந்த கர்ணனை 2012-ல் டிஜிட்டல் சினிமாஸ்கோப்பாக மறுபடி தியேட்டரில் விட்டார்கள். பிரிண்ட் பளிச்சென்று சரி செய்து, ஊரே கொண்டாடியது, நல்ல விஷயம்தான். ஆனால் சதுரத்தை ஸ்கோப்பாக்க வேண்டுமென்றால் வெட்ட வேண்டும், இல்லை இழுக்க வேண்டும். மூன்றாவது வழி கணக்கிலேயே கிடையாது. சார்வாள் இதைக் கேள்விப்பட்டு ஒரே வரிதான் சொன்னார்: "அகலமாக்கல தம்பி, குட்டையாக்கிட்டான்."

சிம்ப்சன்ஸ் கார்ட்டூனுக்கும் இதே கதி. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது பழைய பாகங்களை அகல டிவிக்காக மேலும் கீழும் வெட்டிப் போட்டார்கள். ஒரு காட்சியில் மூன்று வகை பீர் என்று மூன்று பீப்பாய் இருக்கும், மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாயில் இருந்து வரும், அதுதான் ஜோக். மேலே வெட்டியதில் குழாய் போச்சு, ஜோக்கும் போச்சு. ஜனங்கள் கத்தினார்கள். 2020 மே மாசம் பழைய வடிவத்தையும் தேர்ந்தெடுக்கிற வசதி கொடுத்தார்கள்.

எங்கள் கடை 2014-ல் மூடியாயிற்று. இப்போது அந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை. நோட்டு வீட்டில் இருக்கிறது, கடைசிப் பக்கங்களில் அம்மா பால் கணக்கு எழுதியிருக்கிறார்.

ஹாஸ்டல் சண்டைக்குப் பிறகு எனக்கும் வேகம் வந்துவிட்டது. ஒரு ஆப்பில் (பெயர் வேண்டாம்) ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம் தலைவெட்டிக் கிடக்கிறது. எந்தக் காட்சி, எத்தனையாவது நிமிஷம் என்று எல்லாம் குறித்து, உதவி பக்கத்தில் நீளமாக ஒரு புகார் எழுதிப் போட்டேன். ஒரு நொடியில் பதில் வந்தது. உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும் என்று. சப்ளையராவது நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

இந்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் போனை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே ரெண்டு விரலை வைத்து விரித்தார்.

"அப்பா! நீங்களுமா?"

"கண்ணு தெரியலல. மூஞ்சி பாக்கண்டாமா?" என்றார். பிறகு, "எத்தன பேரு எழுதிப் போட்டிய?" என்று கேட்டார.

"நான் ஒருத்தன்தான்ப்பா."

"ஒருத்தன் எழுதுனா எவன் மதிப்பான்? அந்த ரூம்காரப் பயகிட்ட மொதல்ல எண்ணச் சொல்லு. நோட்டு நான் எடுத்துத் தாரேன்."