முகம் அறியாத உழைப்பாளர்

மதுரையிலிருந்து தேனிக்குச் செல்லும் சாலையில், நகருக்கு மேற்கே சில கல் தொலைவில் உள்ளது நாகமலை புதுக்கோட்டை. நெடும்பாம்பு ஒன்று நீட்டிப் படுத்தாற்போன்று நாகமலைத் தொடர் அவ்வூரை ஒட்டிக் கிடக்கின்றது. 1966ஆம் ஆண்டில் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றி, இதன் அருகே இடம் கொண்டது. கல்லூரிகளும் அமைந்தன. மாணவர் பெருகினர்; வீடுகள் பெருகின; வீடுகள் பெருகவே கடைகளும் பெருகின.

அக்கடைகளுள் ஒன்று என் நண்பரின் இரும்புக்கடை. ஆணி, தாழ்ப்பாள், குழாய், வண்ணப்பூச்சு என வீடு கட்டுவோர்க்கு வேண்டும் பொருள்கள் அங்கே கிடைக்கும். மாலை வேளைகளில் அங்குச் சென்று சிறிது நேரம் அமர்ந்திருப்பது என் வழக்கம்.

அக்கடையில் நாற்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வந்தவர் ஒரு முதியவர். கணக்கப்பிள்ளை ஐயா என்றே எல்லோரும் அவரை அழைப்பர். ஒவ்வொரு நாளின் கொடுக்கல் வாங்கல்களையும் முதலில் சிட்டாவில் எழுதுவார். பின்னர் ஆள்வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவார். ஆண்டு முடிவில் ஐந்தொகை போடுவார். ஒரு ரூபாய் இடித்தாலும், அஃது எங்கே மறைந்தது என்று கண்ட பின்னரே வீடு திரும்புவார்.

2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 1,000 ரூபாய் விலையுள்ள ஒரு பொருளுக்கு வரி 18 விழுக்காடு என்று கொள்வோம். வாங்குபவர் தமிழ்நாட்டவராயின் நடுவண் அரசுக்கு 90 ரூபாய், மாநில அரசுக்கு 90 ரூபாய் என வரியை இரண்டாகப் பிரித்துக் காட்டுதல் வேண்டும். பொருள் கேரளத்திற்குச் செல்வதாயின் 180 ரூபாயையும் ஒருங்கிணைந்த வரியாக ஒரே வரியில் காட்டுதல் வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் இவ்வாறு கணக்கிடுவது கைக்குப் பெருஞ்சுமையாயிற்று. ஆகவே என் நண்பர் ஒரு கணிப்பொறியையும், கணக்கு எழுதும் மென்பொருளையும் வாங்கினார்.

அன்று முதியவரின் முகம் வாடியிருந்தது. "இனி எல்லாவற்றையும் இந்தப் பெட்டியே எழுதிவிடுமாம், தம்பி! எனக்கு இங்கே என்ன வேலை?" என்றார். அவருக்கு விடை கூற எனக்கு நா எழவில்லை.

சில வாரங்கள் கழிந்தன. ஒரு நாள் கட்டடக் கொத்தனார் ஒருவர் சினத்தோடு கடைக்கு வந்தார். அவர் கடனாகக் குழாய்கள் வாங்கியிருந்தார். அவற்றுள் 1,000 ரூபாய் விலையுள்ள நான்கு குழாய்கள் மிஞ்சவே, திருப்பிக் கொடுத்திருந்தார். திரும்பி வந்த குழாய்கள் கடையின் இருப்பில் ஏறியிருந்தன. ஆனால் அவர் பெயரில் இருந்த பாக்கி மட்டும் குறையவேயில்லை. "நான் கொடுக்காத கடனைக் கேட்கிறீர்களே!" என்று அவர் மனம் நொந்து பேசினார். கணக்கப்பிள்ளை ஐயா ஒன்றும் கூறாமல், பழக்கம் விடாது தாம் எழுதி வந்த சிறு குறிப்பேட்டை எடுத்தார். விலை 1,000, வரி 180, ஆக 1,180 ரூபாய் கழிய வேண்டும் என்று காட்டினார். கொத்தனாரின் சினம் தணிந்தது.

அம்மென்பொருளை ஆக்கியவர்கள் மதுரையில் இருந்த ஒரு சிறு குழுவினர். செய்தி அறிந்து மறுநாளே ஓர் இளம்பெண்ணும் ஓர் இளைஞரும் வந்தனர். கணிப்பொறியின் முன் சென்று அமர்வர் என்று நான் எதிர்பார்த்தேன். அவர்களோ முதியவரின் அருகே அமர்ந்தனர். "ஐயா, விற்ற சரக்கு திரும்பி வந்தால் நீங்கள் எவ்வாறு எழுதுவீர்கள்?" என்று அப்பெண் கேட்டாள். அவர் பேரேட்டை விரித்து ஒவ்வொரு படியாக விளக்கினார். அவள் ஒரு சொல்லையும் விடாமல் எழுதிக்கொண்டாள். மூன்றாம் நாள் பிழை திருத்தப்பெற்றது.

மென்பொருள் என்றால் எங்கோ ஓர் எந்திரம் தானே ஆக்குவது என்று அதுவரை நான் எண்ணியிருந்தேன். அதன் பின்னே மனிதர் உளர் என்பதை அன்று உணர்ந்தேன். அவர்களைப் பற்றி அப்பெண்ணிடமே கேட்டறிந்தேன். கடைக்காரரின் தேவையைக் கேட்டு எழுதுபவர் ஒருவர். திரையில் எது எங்கே தோன்ற வேண்டும் என்று வகுப்பவர் ஒருவர். கணிப்பொறிக்கு விளங்கும் மொழியில் கட்டளைகளை நிரலாக எழுதுபவர் ஒருவர். வேண்டுமென்றே தவறான எண்களை இட்டு, அது எங்கே தடுமாறுகிறது என்று சோதிப்பவர் ஒருவர். கலங்கி நிற்கும் கடைக்காரருக்குத் தொலைபேசியில் பொறுமையோடு வழி கூறுபவர் ஒருவர். இவருள் ஒருவர் கடமை தவறினும் எங்கோ ஒரு கொத்தனாரின் பாக்கி பிழையாகிவிடும்.

உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், அரசுப் பள்ளியில் பயின்றவள் அப்பெண். "இந்த வேலை பெருநகரத்தார்க்கே உரியது என்று எண்ணியிருந்தேன். இப்பொழுது அவ்வாறு எண்ணுவதில்லை," என்றாள்.

அவள் கூற்று மெய்யே. நம் நாட்டில் கடைதோறும் வழங்கும் 'டாலி' என்னும் மென்பொருளின் கதையைக் கேளுங்கள். சியாம் சுந்தர் கோயங்கா என்பவர் ஆலைகளுக்கு வேண்டும் பொருள்களை வழங்கிய வணிகர். தம் கணக்குக்குப் பொருந்தும் மென்பொருள் கிடைக்காமையால், கணிதம் பயின்ற தம் மகன் பாரத் கோயங்காவிடமே அதனை ஆக்கும்படி கூறினார். 1986ஆம் ஆண்டில் பெங்களூரில் அம்முயற்சி தொடங்கிற்று. எண் குறியீடுகளை மனப்பாடம் செய்யாமல், கணக்குகளைப் பெயராலேயே எழுதும் வழியை அது வணிகர்க்குத் தந்தது. தந்தை கணக்கை அறிந்தவர். மகன் கணிப்பொறியை அறிந்தவர். இருவர் அறிவும் கூடியதால் அது சிறந்தது. பாரத் கோயங்காவுக்கு 2020ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது.

தமிழ்நாட்டைச் சேர்ந்த ஸ்ரீதர் வேம்பு, தம் உடன்பிறந்தாரோடும் டோனி தாமஸ் முதலிய தோழரோடும் 1996ஆம் ஆண்டில் ஒரு நிறுவனம் கண்டார். அதுவே 2009ஆம் ஆண்டில் 'ஜோஹோ' என்று பெயர் மாறிற்று. சிறுதொழில் செய்வோர்க்குக் கணக்கு முதலிய பணிகளுக்கான மென்பொருள்களை அது ஆக்கி வருகின்றது. கல்லூரிப் பட்டம் இல்லாத இளைஞர்க்கு உதவித்தொகை தந்து தொழில் கற்பிக்கும் பள்ளி ஒன்றையும் அந்நிறுவனம் நிறுவியது. 2011ஆம் ஆண்டில் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் அலுவலகமும் திறந்தது. வயல் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டே, கடல் கடந்த நாட்டுக் கடைக்காரரின் கணக்கையும் ஒழுங்குசெய்யலாம் என்பதை அது காட்டியது.

நாகமலை புதுக்கோட்டைக் கடைக்கு நான் இன்றும் செல்கிறேன். கணக்கப்பிள்ளை ஐயா இப்பொழுது சிட்டா எழுதுவதில்லை. எனினும் மாலைதோறும் திரையில் தோன்றும் தொகைகளைச் சரிபார்த்த பின்னரே கடை அடைக்கப்பெறும். மென்பொருளில் புதிதாக எதையேனும் சேர்க்கும் முன்னர், மதுரையிலிருந்து தொலைபேசி ஒலிக்கும். "ஐயா, இதனை நீங்கள் எவ்வாறு எழுதுவீர்கள்?" என்று அதே கேள்வி வரும். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து அமர்வார். "எனக்கு இங்கே என்ன வேலை?" என்று முன்னொரு நாள் அவர் கேட்ட கேள்விக்கு, என்னால் கூற இயலாத விடையை அவ்விளைஞர்கள் கூறிவிட்டார்கள்.

கடையில் நம் கைக்கு வரும் சிறு சீட்டின் பின்னே முகம் அறியாத உழைப்பாளர் பலர் உள்ளனர். அவருள் நிரல் எழுதும் இளையோரும் உண்டு. பேரேடு எழுதிப் பழகிய முதியோரும் உண்டு. இருவரும் அருகருகே அமர்ந்து ஒருவர் சொல்லை ஒருவர் கேட்கும்போதே கணக்கு நேராகின்றது.