பில் போட்ட திருட்டு

இங்கிலாந்தில் ஒரு சூப்பர்மார்க்கெட். பர்ன்சைட் என்பவர் ஒரு பன்றி இறைச்சித் துண்டின் மேலிருந்த விலைச்சீட்டை உரித்து, விலை கூடிய இன்னொரு துண்டின் மேல் ஒட்டுகிறார். அந்தத் துண்டின் உண்மையான விலை 6 பவுண்டு 91½ பென்ஸ். ஒட்டிய சீட்டில் இருந்தது 2 பவுண்டு 73 பென்ஸ். கவுண்டரில், பணம் கட்டுவதற்கு முன்பே மாட்டிக்கொண்டார். மொத்தம் நாலு பவுண்டு சமாச்சாரம். ஆனால் வழக்கு மேல்முறையீட்டில் ஏறி ஏறி 1983-இல் பிரபுக்கள் சபை வரை போனது. அந்த நாட்டுக்கு அன்றைக்கு அதுதான் உச்ச நீதிமன்றம்.

இந்த வழக்கைத் தேடிப் படிக்கும் ஆள் இல்லை நான். நான் சாஃப்ட்வேர்க்காரன். என் சித்தி மகள் திருச்சியில் ஒரு துணிக்கடையில் பில்லிங்கில் இருக்கிறாள். ஒருநாள் ராத்திரி போன் செய்து ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பதில் தேடித்தான் இதற்குள் போனேன்.

அன்றைக்கு அவள் கவுண்டருக்கு வந்த ஒரு பெண்மணி 1,499 ரூபாய் குர்தியில் 499 ரூபாய் டேகை மாட்டியிருக்கிறார். இவளும் ஸ்கேன் செய்து, பணம் வாங்கி, பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். வாசலில் சூப்பர்வைசர் பிடித்துவிட்டார். அந்த அம்மா அழவில்லை, கெஞ்சவில்லை. "பில் போட்டுத்தானே எடுத்துட்டுப் போறேன், பில்லைப் பாருங்க" என்று சத்தம் போட்டிருக்கிறார். பின்னறைக்குக் கூட்டிப் போய், பத்து மடங்கு கட்டச் சொல்லி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அப்புறம் மேனேஜர் இவள் பக்கம் திரும்பினார். இதற்கு முன்னால் ஸ்டாக்கில் குறைந்திருந்த பொருள்களும் இப்படித்தான் போயிருக்கும் என்று அவள் சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் பிடித்துவிட்டார்.

"அண்ணா, அந்தம்மா பண்ணது திருட்டா, இல்லையா? திருட்டுன்னா என் சம்பளத்துல ஏன் பிடிக்கிறாங்க?"

முதல் கேள்வியிலிருந்து தொடங்கலாம். நம் பழைய மளிகைக் கடையில் இந்தக் குற்றத்துக்கு வழியே கிடையாது. பொருளை எடுத்துத் தருவதும் விலை சொல்வதும் கடைக்காரர்தான். 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் பிக்லி விக்லி என்ற கடை, வாடிக்கையாளரே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. அந்த மாதிரிக் கடைகளில் அண்ணாச்சி சொல்ல வேண்டிய விலையைப் பொருளின் மேல் இருக்கும் ஒரு துண்டுச் சீட்டு சொல்கிறது.

பிரபுக்கள் சபையின் முன்னால் இருந்த சிக்கலும் இங்கிருந்துதான் வந்தது. பொருளை எடுக்கச் சொல்லிக் கடையே அனுமதிக்கிறது. அப்படியென்றால் அது எந்த நொடியில் திருட்டாகிறது? பர்ன்சைட் வழக்கோடு மாரிஸ் என்பவரின் வழக்கும் சேர்ந்தே விசாரிக்கப்பட்டது. மாரிஸும் அதே வேலையைச் செய்தவர்தான், ஆனால் குறைந்த விலையைக் கட்டி முடித்த பிறகு கைதானவர். ராஸ்கில் பிரபு தீர்ப்பில் சொன்னதன் சாரம் இது: அலமாரியிலிருந்து எடுப்பது மட்டும் தப்பில்லை. விலையை முடிவு செய்வது உரிமையாளரின் உரிமை. எடுத்து, சீட்டையும் மாற்றும்போது அந்த உரிமையை நீங்கள் பறித்துக்கொள்கிறீர்கள். நேர்மையற்ற நோக்கமும் இருந்தால் அது திருட்டு. கவுண்டர் வரை போக வேண்டியதே இல்லை. விளையாட்டுக்காகச் சீட்டை மாற்றி வைக்கிற குறும்புக்காரரைப் பற்றியும் அவர் யோசித்திருக்கிறார். நேர்மையற்ற நோக்கம் இல்லாததால் அவர் திருடர் ஆகமாட்டார்.

நம் ஊர்ச் சட்டம் வேறு வழியில் போகிறது. உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் பொருளை நகர்த்தினால் திருட்டு. பொய்யை நம்பவைத்து, அவரே கொடுக்கும்படி செய்தால் ஏமாற்று. குர்தியைப் பையில் போட்டுக் கொடுத்தது கடையே. அதனால் இது பெரும்பாலும் ஏமாற்றில்தான் போய் விழும். நாம் வசவாகவே பயன்படுத்துகிற 'ஃபோர் ட்வென்டி' இதுதான். 2024 ஜூலை 1 முதல் அந்த எண் போய்விட்டது. பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). தண்டனை அதேதான்: ஏழு ஆண்டு வரை சிறை, அபராதம்.

இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே புதிய சட்டத்தில், திருட்டுக்கான 303-ஆம் பிரிவில் ஒரு சலுகை இருக்கிறது. திருடிய பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழ், குற்றவாளியாகத் தீர்ப்பாவது முதல் தடவை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால், தண்டனை சமூக சேவைதான். அதாவது அந்த அம்மா குர்தியைச் சும்மா கைப்பைக்குள் திணித்துக்கொண்டு போயிருந்தால் சமூக சேவை. 499 ரூபாய் கட்டியதால் ஏழு ஆண்டு வரை போகக்கூடிய பிரிவு. தன்னைக் காப்பாற்றும் என்று அவர் நீட்டிய பில்தான் அவருக்கு எதிரான முதல் சாட்சி.

ஆயிரம் ரூபாய்க்காக ஏழு வருஷம் யாரும் உள்ளே போகப்போவதில்லை. ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள வழக்குகளில் போலீஸ் உடனே கைது செய்துவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல், அர்னேஷ் குமார் வழக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. நீதிமன்ற அனுமதியோடு சமரசமும் ஆகலாம். ஆனால் எஃப்.ஐ.ஆர். என்று ஒன்று விழுந்துவிட்டால், பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் வரும்போதெல்லாம் அது கூடவே வரும்.

அந்தப் பின்னறைப் பஞ்சாயத்துக்கோ சட்டத்தில் இடமே இல்லை. பத்து மடங்கு என்ற கணக்கு எந்தப் பிரிவிலும் கிடையாது. கண்ணெதிரே குற்றம் செய்தவரைப் பொதுமக்களில் ஒருவர் பிடிக்கலாம் என்ற சந்தர்ப்பங்களில்கூட, தாமதமில்லாமல், ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். அறையில் பூட்டிவைத்துப் பேரம் பேசினால் கடைக்காரர்மேலும் வழக்கு வரலாம்.

இனி தங்கச்சியின் இரண்டாவது கேள்வி. நான் ரெண்டு வருஷம் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதியிருக்கிறேன். பார்கோடுக் கோடுகளுக்குள் பொதுவாக விலை இருக்காது, வெறும் எண்தான் இருக்கும். விலை கடையின் கணினியில் இருக்கிறது. (காய்கறி எடை போட்டு ஒட்டும் ஸ்டிக்கர் வேறு ஜாதி, 2-இல் தொடங்கும் அந்த எண்ணுக்குள்ளேயே எடையோ விலையோ இருக்கும்.) டேகை மாற்றினால் விலை மட்டும் மாறுவதில்லை, குர்தி வேறொரு குர்தி ஆகிவிடுகிறது. கணினிக்கு இதில் எந்தச் சந்தேகமும் வராது. திரையில் வந்த பெயரும் கையில் இருக்கும் துணியும் ஒன்றுதானா என்று பார்க்கக்கூடிய ஒரே இடம் அவளுடைய கண்.

சட்டத்தின் பார்வையில் ஏமாந்தது கடை. பொய்யைக் கையில் வாங்கி, நம்பி, பையில் போட்டுக் கொடுத்தது அவள். நாற்பது பேர் வரிசையில் நிற்கும் தீபாவளி சீசனில், ஒரு டேகுக்கு அவளுக்குக் கிடைப்பது ரெண்டு நொடி.

அவளுக்கென்றும் சட்டம் இருக்கிறது. 1936-இல் வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலிருந்தே உள்ள விதி: தன்னிடம் ஒப்படைத்த பொருளோ பணமோ அந்த ஊழியரின் தவறாலேயே நேரடியாக நஷ்டமானால்தான் சம்பளத்தில் பிடிக்கலாம். பிடிப்பதற்கு முன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. "இப்படித்தான் போயிருக்கும்" என்ற ஊகத்துக்கு அதில் இடமில்லை.

எல்லாவற்றையும் அவளுக்கு போனில் சொன்னேன். எழுத்தில் விளக்கம் கேள் என்றேன். "எழுதிக் கேட்டா அடுத்த மாசம் வேற ஆள் போட்டுருவாங்கண்ணா" என்றாள். அதற்கு என்னிடம் எந்தப் பிரிவும் இல்லை.

அந்தக் கண்ணையும் எடுத்துவிடுகிற தானியங்கிக் கவுண்டர்கள் வந்துகொண்டிருக்கின்றன. இயந்திரத்தை ஏமாற்ற முடியுமா என்ற கேள்வியை இங்கிலாந்து 2006-ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தில் தீர்த்துவிட்டது: மனிதர் யாரும் நடுவில் இல்லாமல் கருவியிடம் சொன்ன பொய்யும் பொய்தான். நம் 318 இன்னமும் "ஒரு நபரை ஏமாற்றி" என்றுதான் தொடங்குகிறது.

இப்போது அவள் ஒவ்வொரு டேகையும் திருப்பிப் பார்க்கிறாளாம். சைஸ், கலர், திரையில் வரும் பெயர் எல்லாவற்றையும். வரிசை நீள்கிறது. "சீக்கிரம் போடும்மா, எவ்ளோ நேரம்" என்று திட்டுகிறார்கள். "எல்லாரையும் திருடங்க மாதிரி பாக்குற" என்று ஒரு தாத்தா கோபித்துக்கொண்டாராம். அவருக்கு என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன்.

"சாரின்னு சொன்னேன்" என்றாள்.